கீழூட்டில் இருக்கோம்

வெள்ளைக்கானல்
5 அக்டோபர் 1933

மகள் ஜாஹிதாவுக்கு, உயிரோடும் சளியோடும் இருக்கிற அத்தா எழுதுவது.

நீ என்மேல் கோபமாக இருப்பாய். உன்னிடம் ஒரு சொல் சொல்லாமல் பழனி வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பு வாரில் முடிந்துகொண்டு மலை ஏறிவிட்டேன். சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் நான் புறப்படமாட்டேன். புறப்படாவிட்டால் உன் அம்மா படுத்திருந்த கட்டிலைப் பார்த்துக்கொண்டே இன்னொரு மழைக்காலத்தைக் கழிக்க வேண்டும். அதனால் கோழைகள் செய்கிறதைச் செய்தேன், மூட்டை தூக்கினேன். கோழை என்றாலும் குண்டுக் கோழை அல்லவா, ஏற்றத்தில் ஆண்டிச்சாமியின் மட்டக்குதிரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. தன் முதுகில் ஏற்றிவிடுவார்களோ என்று அதற்குப் பயம்.

ஆண்டிச்சாமி போளூர்க்காரர். மலைப்பூண்டை மேலிருந்து கீழே இறக்குவதும், உப்பு, கருவாடு, புகையிலையைக் கீழிருந்து மேலே ஏற்றுவதும் அவர் சோலி. நம் கடிதங்களும் இனி அவர் குதிரையில்தான் போய்வரும். போளூருக்கும் அப்பால், காட்டுக்குள், கையளவு ஊர் இந்த வெள்ளைக்கானல். சரிவில் படிக்கட்டுபோல வீடுகள். உச்சியில் மேலூடு, அதற்குக் கீழே பாறையூடு, ஓடையூடு என்று இறங்கி, கடைசியில் தனியாகக் கீழூடு. இங்கே மனிதர்களுக்குப் பேர் கிடையாது, வீட்டுப் பேர்தான் பேர்.

கீழூடு சும்மா கெடந்தது. கடை வைத்துக்கொள்ளலாமா, வாடகை என்ன என்று ஊராரிடம் கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலூட்டு நாச்சிமுத்துதான் இங்கே பெரிய மனிதர். "வாடகை என்ன வாடகை. அங்கன ஒரு ஆள் இருந்தாப் போதும்" என்றார். மலைக்காரர்களுக்கு என்ன தாராளம் என்று மகிழ்ந்துபோனேன்.

ஆளில்லாத வீடானாலும் சலாம் சொல்லாமல் நுழையக் கூடாது என்பது உன் அம்மா எனக்குப் பழக்கிய பழக்கம். கதவைத் தள்ளி, உரக்க, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன்.

முற்றத்து ஓரத்தில் நின்ற நாச்சிமுத்து, "யாருக்கு ராவுத்தரே சொன்னீக?" என்று கேட்டார்.

"உள்ள இருக்கிறவங்களுக்குத்தான்" என்று பல்லைக் காட்டினேன்.

என் பகடிக்குப் பழனி கடைவீதியே சிரிக்கும் என்பது உனக்குத் தெரியும். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. நாச்சிமுத்துவின் சம்சாரம் சோலையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று மேலே ஏறிப் போய்விட்டாள்.

உப்பும் கருவாடும் கொடுத்து மலைப்பூண்டு வாங்குகிற கடை திறந்துவிட்டேன். ஆனால் இந்த ஊரில் ஒருவரும் கடைக்குள் கால் வைப்பதில்லை. முற்றத்தில் கிடக்கும் ஒரு கல்லுக்கு அந்தப் பக்கமே நின்று, "ராவுத்தரே, உப்பு" என்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டு போய்க் கல்மேல் வைக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்தா, என் கருவாட்டை மோந்தா, தெரியவில்லை.

இன்னொரு விநோதம் கேள். இங்கே மூடுபனியை மஞ்சு என்கிறார்கள். பட்டப்பகலில் வரும், வந்தால் உன் கை உனக்குத் தெரியாது. பக்கத்திலே பாதாளம், காட்டுமாடு வேறு. அதனால் மஞ்சு மூடியதும் மேலூட்டிலிருந்து வீடு வீடாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். "பாறையூடே, இருக்கீகளா?" உள்ளே ஒரே ஆள் என்றால் "இருக்கேன்" என்று பதில் வர வேண்டும். ஒன்றுக்கு மேல் என்றால் "இருக்கோம்". பதில் வராவிட்டால் ஆள் தேடிப் போவார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. முதல் நாள் "கீழூடே" என்று கூப்பிடவே இல்லை, ஓடையூட்டோடு நிறுத்திவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. நானும் ஒரு ஆள்தானே! கதவில் நின்று, "ஏன் கீழூட்டக் கூப்பிட மாட்டீகளா?" என்று கத்தினேன். பிறகு நாச்சிமுத்துவின் குரல், ரொம்ப மெதுவாக: "கீழூடே... இருக்கீகளா?"

கடைக்காரன் வாய் எப்படிப் பழகியிருக்கிறது! ராவுத்தரே இருக்கீங்களா என்றால், "இருக்கோம், இருக்கோம், வாங்க" என்றுதானே பழனியில் சொல்லுவேன். அதே பழக்கத்தில், "இருக்கோம்!" என்றேன்.

மேலே யாரோ அழுகிறமாதிரிக் கேட்டது. மஞ்சுக்குள் எந்தச் சத்தமும் அழுகைபோலத்தான் கேட்கும்.

மறுநாள் வெள்ளனே அந்தக் கல்மேல் இரண்டு இலைப்பொதி. இரண்டிலும் கேழ்வரகுக் களியும் அவரைக்குழம்பும். என் வயிற்றைப் பார்த்து இரண்டு பேர் சாப்பாடு என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து தினமும் இரண்டு வருகிறது.

நோன்பு பிறக்கும் முன் இறங்கி வந்து வீட்டைத் திறந்துவிடுவேன். உன் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான்.

உன் அத்தா
ஒலியுல்லா


திண்டுக்கல்
17 அக்டோபர் 1933

அத்தாவுக்கு,

கடிதம் வந்தது. பகடியைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மீதி நான்கு வரி. அந்த நான்கு வரிக்கு மட்டும் பதில்.

நீங்கள் மலைக்குப் போனதை ரஹ்மத் மாமி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கூடப் பிறந்த தங்கையிடம் சொல்ல முடிந்த உங்களுக்கு, பெற்ற மகளிடம் சொல்ல முடியவில்லை. நான் அழுவேன் என்றா? அம்மா மௌத்தாகி அடக்கம் பண்ணினபோது நான் அழுதேனா, நீங்கள் அழுதீர்களா?

எனக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. மருத்துவச்சி நோன்புக்கு முன்னால் என்கிறாள். "உங்க வீட்டுக்கு எப்ப போற?" என்று என் மாமியார் இன்னும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கும் ஒரு குரல் உண்டு, அது அடுக்களை முழுக்கக் கேட்கிறது. இவர் நல்லவர். "இங்கயே பெத்துக்கயேன்" என்கிறார். அம்மா என்னைப் பெற்ற அறையில் நான் என் பிள்ளையைப் பெற வேண்டும். வாசலில் நீங்கள் குறுக்கும் நெடுக்கும் நடந்து எல்லோரையும் தொந்தரவு செய்ய வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

உங்கள் கடைக்குள் ஊர் வராததற்கு முகம் காரணம் என்றால், இனி அதை மாற்ற முடியாது. சோப்பாவது போடுங்கள்.

ஜாஹிதா


வெள்ளைக்கானல்
30 அக்டோபர் 1933

கோபக்கார மகளுக்கு,

சோப்பு போட்டேன். ஊர் வரவில்லை. ஆக முகம்தான்.

கேலிக்கு அப்புறம் ஒரு காரியம் சொல்ல வேண்டும். சொன்னால் அத்தாவுக்கு மலைக்காய்ச்சல் என்பாய், நாடி பார்த்தேன், இல்லை.

எழுத்தை வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு மண்டைக்குள் ஏறும் என்பது உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பு வாத்தியார் அதற்காகவே என்னைப் பின்வரிசையில் உட்கார வைத்தார். உன் கடிதத்தையும் அப்படித்தான் படித்தேன். "சோப்பாவது போடுங்கள்" என்ற இடத்தில் உள்ளறையில் யாரோ சிரித்தார்கள். பெரிய சிரிப்பு இல்லை. வகுப்பில் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்களே, அது. எழுந்துபோய்ப் பார்த்தேன். பூண்டு மூட்டைகள் இருந்தன. பூண்டு சிரிக்காது.

எலி என்று வைத்துக்கொண்டேன். ஆனால் அதற்கு இரண்டு நாள் முன்னால் நடந்ததை எந்த எலிமேல் போடுவது? பாறையூட்டில் பூண்டு எடை போட்டுக்கொண்டிருந்தேன். மஞ்சு இறங்கியது. கூப்பாடு ஆரம்பித்தது. ஒவ்வொரு வீடாகப் பதில் வந்தது. "கீழூடே, இருக்கீகளா?" என்றார் நாச்சிமுத்து. நான்தான் பாறையூட்டில் நிற்கிறேனே, கீழூட்டில் யார் பதில் சொல்வது என்று நினைத்து வாயைத் திறக்கும் முன், கீழேயிருந்து வந்தது. "இருக்கேன்."

மெல்லிய குரல். சளி பிடித்த பிள்ளையின் குரல்.

எதிர்ப் பாறையில் பட்ட எதிரொலி என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் நான் சொல்லாததை அது எப்படித் திருப்பிச் சொல்லும்? அப்படியே சொன்னாலும், என் "இருக்கோ"மை "இருக்கே"னாக மாற்றப் பாறைக்கு யார் இலக்கணம் சொல்லிக்கொடுத்தது? பாறையூட்டுக்காரர் தராசை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் சோலையம்மாள் இலைப்பொதியோடு வந்தாள். கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே என்னைப் பிடித்து உலுக்காத குறை.

"பிள்ளையத் தனியா விட்டுட்டு எங்க போனீக?"

"எந்தப் பிள்ளம்மா?"

என் முகத்தையே பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டி என் வீட்டு வாசலைப் பார்த்தாள். "இனிமே மஞ்சு நேரத்துல வெளிய போகாதீக. உங்களக் கும்பிட்டுக் கேக்கேன்" என்று சொல்லிப் பொதியைக் கல்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

பைத்தியக்கார ஊரில் வந்து மாட்டிக்கொண்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நல்ல ஜனங்கள். குளிர்தான் கொஞ்சம் அதிகம். ஈரவிறகு பற்றுவதில்லை, ஆனால் எங்களுக்கு எப்படியோ வெள்ளனே அடுப்பில் சாம்பல் அள்ளிக் கங்கு ஊதிக் கெடக்கிறது. நான் அள்ளியதாக நினைவில்லை. மறதி கூடிவிட்டது. வயதாகிறது.

இன்னும் கொஞ்சம் பூண்டு வரவேண்டியிருக்கிறது. வந்ததும் இறங்கிவிடுவேன்.

உன் அத்தா


திண்டுக்கல்
9 நவம்பர் 1933

அத்தா,

"எங்களுக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு?

இரண்டு தரம் படித்துப் பார்த்தேன், கைப்பிழை இல்லை. அம்மா போனபிறகு உங்கள் கடிதங்களில் "எங்கள்" என்ற சொல்லே இல்லாமல் போயிருந்தது. இப்போது வந்திருக்கிறது, அதில் நான் இல்லை.

எனக்குக் கால் வீங்கிவிட்டது. நடந்தால் மூச்சு வாங்குகிறது. அங்கே என்ன நடக்கிறது என்று ஆண்டிச்சாமியிடம் கேளுங்கள். அவர் வெளியூர்க்காரர்தானே, சொல்வார். கேட்டுவிட்டு அவர் குதிரையோடேயே இறங்கி வாருங்கள். பூண்டு கெட்டால் கெடட்டும்.

ஜாஹிதா


வெள்ளைக்கானல்
17 நவம்பர் 1933

ஜாஹி,

நீ சொன்னபடி கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

ஆண்டிச்சாமியும் கல்லைத் தாண்டி வரமாட்டார். அதனால் நான் போய் அவரோடு உட்கார்ந்தேன். புகையிலையைக் கிள்ளிக் கொடுத்து, "இந்த வீட்டுல யாருண்ணே இருந்தா?" என்றேன்.

"நீங்க வந்தன்னைக்கே சொல்லிருப்பேன். நீங்க சலாம் போட்டுட்டீக. பொறவு சொல்லி என்ன?" என்றார். அப்புறம் குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

விஷக்காய்ச்சல் வந்த வருஷம். உனக்கும் அது வந்து பிழைத்தாய், பச்சைப்பிள்ளை, நினைவிருக்காது. பழனிக்கு உப்பு வாங்கப் போன கீழூட்டுக்காரர் காய்ச்சலோடு திரும்பி வந்திருக்கிறார். ஊர் கூடி, கீழூட்டைச் சுற்றி முள்வேலி அடைத்துவிட்டது. சோறு மட்டும் ஒரு கல்மேல் வைப்பார்கள். என் முற்றத்துக் கல்தான். அந்தக் காலத்திலும் மஞ்சு வரும், கூப்பாடும் போகும். "கீழூடே, இருக்கீகளா?" என்றால் "இருக்கோம்" என்று பதில் வரும்.

"பொறவு ஒரு நா 'இருக்கேன்'னு வந்துச்சு" என்றார் ஆண்டிச்சாமி.

"யாரு?"

"ராக்காயி. சின்னப் பிள்ளை, பாவாடை கட்டுற வயசு. நம்ம சோலையம்மா கூடப் பொறந்தது. சோலையம்மாவ அப்பத்தான் மேலூட்டுல கட்டிக் குடுத்திருந்தாக."

"ஒரே ஒரு பிள்ளை உள்ள இருக்குன்னு தெரிஞ்சும் ஒருத்தரும் போகலையா?"

"போனா ஒட்டிக்கிரும்னு பயம். சோலையம்மா வேலியக் கையால பிச்சுச்சு. நாச்சிமுத்துதான் இழுத்துட்டுப் போயித் தூண்ல கட்டி வச்சாரு. அது தூண்ல கெடந்துக்கிட்டே கேக்கும், தெனமும் 'இருக்கேன்', 'இருக்கேன்'னு. கொஞ்ச நாள் வந்துச்சு. பொறவு வரல."

மழை ஓய்ந்து வேலியைப் பிரித்தபோது, பெரியவர்களை வரிசையாகப் படுக்கவைத்துத் துணி போர்த்தியிருந்ததாம். அந்தப் பிள்ளைதான் போர்த்தியிருக்க வேண்டும். பிள்ளையை மட்டும் காணவில்லை. இன்றுவரை காணவில்லை. அதற்கப்புறம் கீழூட்டைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். ஒரு பழனிக் குண்டன் வந்து, ஏன் கூப்பிடமாட்டீர்களா என்று சண்டை போட்டு, "இருக்கோம்" என்று பதிலும் சொல்கிறவரை.

இப்போது தெரிகிறதா, ஏன் வாடகை வேண்டாம் என்றார்கள், ஏன் இரண்டு பொதி என்று? என் அழகுக்கு இல்லை, ஜாஹி.

கேட்ட அன்றே மூட்டை கட்டினேன். நம்பு. ஆண்டிச்சாமியோடு ஊருக்குக் கீழே பாதை வளைவுவரை போனேன். அங்கே மஞ்சு பிடித்துக்கொண்டது. மேலேயிருந்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு வந்தார்கள். கீழூட்டின் முறை வந்தது. எனக்குப் பின்னால், "இருக்கேன்" என்றது.

பேய்க்குப் பயந்து ஓடுகிறவர்கள் உண்டு. எனக்கு ஓடக்கூடத் தெரியவில்லை. அந்தக் குரலில் மிரட்டல் இல்லை. நாளைக்கும் கூப்பிடுவார்களா என்று சந்தேகப்படுகிற குரல். என் கால் திரும்பிவிட்டது. "ராவுத்தரே, வேணாம்" என்று ஆண்டிச்சாமி கையைப் பிடித்தார். உதறிவிட்டு ஏறிப் போய், சலாம் சொல்லி உள்ளே நுழைந்தேன்.

பழனி வீட்டில் சலாம் சொன்னால் சுவர் பார்க்கும். இங்கே உள்ளறையில் யாரோ நகர்ந்து இடம் விடுகிறார்கள்.

நான் இறங்கிவிட்டால் அது மறுபடியும் தனி. ஒரு தடவை ஊரே விட்டுவிட்டுப் போன பிள்ளை. நானும் விட்டுவிட்டு எப்படி வருவது? நீயே சொல். உனக்குப் புருஷன் இருக்கிறார், மாமியார் இருக்கிறார், ரஹ்மத் இருக்கிறாள். சாவியை ஆண்டிச்சாமியிடம் கொடுத்தனுப்பட்டுமா?

அத்தா


பழனி
25 நவம்பர் 1933

அத்தா,

சாவி வேண்டாம். பூட்டை உடைத்துவிட்டோம். திண்டுக்கல் பூட்டு, அவ்வளவு லேசில் உடையவில்லை. திண்டுக்கல் மாப்பிள்ளையே வந்து உடைக்க வேண்டியிருந்தது. இவர் கை கிழிந்து ரத்தம் வந்தது, முகம் சுளிக்கவில்லை. ரஹ்மத் மாமி வந்து கூட்டித் துடைத்துவிட்டாள். நான் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வலி இன்றா நாளையா என்று இருக்கிறது. வீடு திறந்துவிட்டது, நீங்கள் இல்லை. பூட்டியிருந்தபோதுகூட இத்தனை வெறுமையாக இருந்திருக்காது.

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் கோபம்தான் வந்தது. செத்த பிள்ளைக்கு இருக்கிற மனசு உயிரோடு இருக்கிறவளுக்கு இல்லையே என்று. பிறகு அந்தப் பிள்ளை எல்லோருக்கும் துணி போர்த்தியதை நினைத்தேன். அம்மாவுக்கு நான்தான் போர்த்தினேன். நீங்கள் வெளியே நின்றீர்கள்.

இனி எழுதுவது உங்களுக்கு இல்லை. ஆனால் வழக்கம்போல வாய்விட்டுப் படியுங்கள். உள்ளறைக்குக் கேட்கும்படி படியுங்கள்.

ராக்காயி, நான் ஜாஹிதா. இந்தக் குண்டு மனுசனின் மகள். நான் அவரைக் கேலி செய்ததற்கு நீ சிரித்தாயாம். நல்ல பிள்ளை. எனக்குச் சின்ன வயதில் தனியாகப் படுக்கப் பயம். அவர் வாசற்படியில் உட்கார்ந்து எனக்குத் தூக்கம் வரும்வரை பொய்யாக அளப்பார். உனக்கும் அளந்திருப்பார். அவரை உன்னிடமிருந்து பிடுங்க எனக்கு மனசில்லை. ஆனால் அவர் உனக்கு எந்த உறவும் இல்லை. உனக்கு ஒரு அக்கா இருக்கிறாள். மேலூட்டில்தான் இருக்கிறாள். அவள் உன்னை விட்டுவிட்டுப் போகவில்லை, அவளைக் கட்டிவைத்திருந்தார்கள். அது உனக்குத் தெரியாதே. எப்போதும் அவர்கள்தான் கூப்பிட்டார்கள், நீ பதில் சொன்னாய். நீ ஒரு தடவையாவது கூப்பிட்டாயா? கூப்பிடு. உன் அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிடு.

படித்துவிட்டீர்களா? இனி உங்களுக்கு. அவள் கூப்பிட்டாலும் சரி, கூப்பிடாவிட்டாலும் சரி, அக்கா வந்தாலும் வராவிட்டாலும், நீங்கள் வர வேண்டும். அந்தப் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் சொல்கிறேன். விட்டுவிட்டு வாருங்கள். அதில் பாவம் உண்டென்றால் அது என்னைச் சேரட்டும்.

வெரசா வாருங்கள்.

ஜாஹிதா


போளூர்
3 டிசம்பர் 1933

என் ஜாஹிக்கு,

இறங்கிவிட்டேன். போளூரில் ஆண்டிச்சாமி வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் பாதம் கொப்பளித்துவிட்டது, இனி குதிரைமேல்தான் வர முடியும். அதற்கோ லாடம் கழன்றுவிட்டது, மாற்றாமல் இறக்கத்தில் போக முடியாது. ஒரு ஆள் இப்போதே நடந்து பழனிக்குப் போகிறான், எனக்கு முன்னால் இந்தக் கடிதம் வந்து சேரும்.

உன் கடிதத்தைப் படித்தேன். உள்ளறை வாசலில் நின்று, உரக்க, வாத்தியார் முன்னால்கூட நான் அப்படிப் படித்ததில்லை. "குண்டு மனுசன்" என்ற இடத்தில் சிரிப்பு வரும் என்று நிறுத்திப் பார்த்தேன். வரவில்லை. "கட்டிவைத்திருந்தார்கள்" என்ற இடத்தில் உள்ளே எதுவோ தரையில் உரசியது. மறுநாள் அடுப்பில் சாம்பல் அப்படியே கிடந்தது. அன்று முழுக்க வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மத்தியானம் மஞ்சு இறங்கியது. நான் முற்றத்துக் கல்லில் போய் உட்கார்ந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். வீடு வீடாக வந்து, "கீழூடே, இருக்கீகளா?" என்றார் நாச்சிமுத்து. பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்போது எனக்குப் பின்னால் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

"யக்கா... சோலையக்கா... நீ வா."

மேலே பித்தளைக்குடம் ஒன்று பாறையில் விழுந்து உருண்டது. "ஏலே, அவளப் புடிங்கலே! விடாதீக!" என்று நாச்சிமுத்து அலறினார். மஞ்சுக்குள் யாரை யார் பிடிப்பது? சரிவில் கல் உருளும் சத்தம் நெருங்கி வந்தது. பிறகு சோலையம்மாள் என் முன்னால் நின்றாள். தலை அவிழ்ந்து, முழங்கால் பேர்ந்து ரத்தம். கல்லைத் தாண்டிவிட்டிருந்தாள். அதை அவள் கவனிக்கவில்லை.

"உள்ள இருக்காளா?" என்றாள்.

"நான் கண்ணால பாத்ததில்லம்மா. பொய் சொல்ல மாட்டேன்."

அவள் உள்ளே போனாள்.

ஒப்பாரி வரும் என்று காத்திருந்தேன். ஜாஹி, ஒப்பாரி வரவில்லை. திட்டுகிற சத்தம் வந்தது. "ஏன்டி, தலைய இப்பிடியா போட்டு வச்சிருப்ப? அசையாதடி. சிக்கு எடுக்கணும்ல" என்று திட்டிக்கொண்டே இருந்தாள். நடுவில் சீப்பு சிக்கில் மாட்டுகிற சத்தம். நீ அந்த வயதில் "ஆ, ஆ" என்று கத்துவாயே, அந்தமாதிரிச் சிணுங்கல் ஒன்று. நான் எட்டிப் பார்க்கவில்லை. வேறு எதற்குத் தைரியம் வந்திருந்தாலும் அதற்கு வரவில்லை.

நாச்சிமுத்து வந்தார். கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். "ஏ சோலை, போதும், வெளிய வா."

"வாரேன், நீங்க போங்க. பிள்ளைக்குத் தலை காயல" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அன்று பொழுது சாயும்வரை கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் நல்ல மரியாதையாகப் பதில் வந்தது, ஏதாவது ஒரு வீட்டுவேலை சொல்லி. நான் ஓடையூட்டில் தங்கினேன். காலையில் பார்த்தால் அவர் அதே இடத்தில் துண்டால் தலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய மனிதர், ஒரே நாளில் சுருங்கிப்போயிருந்தார்.

"ராவுத்தரே, நீங்க உள்ள இருந்தவுக. சொல்லுங்க. எப்ப வருவா?"

"நீங்க கல்லத் தாண்டி உள்ள போயிக் கூப்பிடுங்க" என்றேன்.

கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காலை எடுத்தார். திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டார்.

நான் மூட்டைகளை அங்கேயே விட்டுவிட்டு ஆண்டிச்சாமியோடு நடந்தேன். வளைவில் மஞ்சு பிடித்தது. மேலே போய்ச் சேர்ந்திருந்தார் போல நாச்சிமுத்து, கூப்பாடு வந்தது. மற்ற வீடுகளைக் கூப்பிடவில்லை. கீழூட்டை மட்டும் கூப்பிட்டார்.

"இருக்கோம்" என்று வந்தது.

ஒரு குரலா இரண்டு குரலா என்று என் காதுக்குப் பிடிபடவில்லை. அதில் அழுகை இல்லை, சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இந்த அடுப்படியிலும் எனக்கு உதறுகிறது. இந்தத் தடவை என் கால் திரும்பவில்லை. திரும்பச் சொல்லவும் யாரும் இல்லை.

நீ எழுதினாய், நான் படித்தேன். ஒரு பிள்ளைக்குத் துணை சேர்த்தோமா, ஒரு பொம்பளையைக் கொண்டுபோய் உள்ளே தள்ளினோமா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் பிள்ளை நல்லபடி பிறக்கட்டும். அப்புறம் நீயும் நானும் உட்கார்ந்து சாவகாசமாகப் பயப்படலாம்.

மாப்பிள்ளை கைக்கு மஞ்சள் வைத்துக் கட்டச் சொல். பூட்டுக்கு நான் வருத்தப்படவில்லை. உன் அம்மாவுக்கு நீ போர்த்தும்போது நான் வெளியே நின்றது உண்மைதான். கால் வரவில்லை.

லாடம் அடித்ததும் புறப்படுகிறேன். நான் வந்து சேருகிற நேரத்தில் உனக்கு வலி எடுத்திருந்தால், ரஹ்மத்தும் மருத்துவச்சியும், ஆம்பளை வாசலோடு நில்லுங்கள் என்பார்கள். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவை. நான் வாசலில் நின்று கூப்பிடப்போவதில்லை. நேராக உள்ளே வந்துவிடுவேன். பயந்துவிடாதே.

அத்தா